விழாத கோலுக்குக் கணக்கு எழுதுவது எப்படி? கால்பந்து டிஃபன்ஸை எண்களால் எடைபோட ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் தட்டுவடை செட் கடைப் பக்கம் ஒதுங்குவது வழக்கம். அன்றைக்கு எங்கள் அணியில் ஆடிய இரண்டு ஸ்டாப்பர்களை, அதாவது கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. இடது பக்கம் நின்றவன் ஒன்பது தடவை சறுக்கிப் பந்தைப் பறித்திருந்தான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை செம்மண். வலது பக்கம் நின்றவனின் ஜெர்சியில் ஒரு கறை கூட இல்லை. ஆட்டக் கணக்கு எழுதியவன் நான். சிறந்த டிஃபெண்டர் யார் என்று கேட்டார்கள், நோட்டைப் பார்த்து இடது பக்கத்தவன் பெயரைச் சொன்னேன். கோப்பை அவனுக்குப் போனது.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது சறுக்கலில் ஆறு, அவன் தன் ஆளைத் தவறவிட்டு, திரும்ப ஓடிப்போய்ப் பிடித்தவை. எதிரணி வலது பக்கமாக முதல் இருபது நிமிடம் முயற்சி செய்தார்கள். வழி கிடைக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். மீதி ஆட்டம் முழுவதும் என் நோட்டில் வலது பக்கக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடம்தான் அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டம். அதை எழுத எனக்கு அன்று ஒரு வழியும் தெரியவில்லை.

கபடி பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரு கார்னர் உடும்புப் பிடிக்காரன் என்று தெரிந்தால் ரைடர் அந்த மூலைக்குப் போகமாட்டான். எதிர் மூலையில்தான் விளையாடுவான். கடைசியில் டேக்கிள் பாயிண்ட் பட்டியலில் எதிர் மூலைக்காரன் மேலே இருப்பான். கால்பந்திலும் இதேதான். நடந்ததை எண்ண முடியும். நடக்காமல் தடுத்ததை எண்ணுவதற்குச் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். அந்தச் சுற்று வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். டிவியில் ஐரோப்பிய ஆட்டம் பார்க்கிறவருக்கும் உதவும், மைதான ஓரத்தில் நோட்டோடு உட்கார்கிறவருக்கும் உதவும்.

முதல் படி: வாங்கிய கோல்களிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள்

ஒரு டிஃபன்ஸ் எப்படி என்று கேட்டால் முதலில் பார்ப்பது எத்தனை கோல் வாங்கினார்கள் என்பதை. அது சரிதான். 2004-05 பிரீமியர் லீகில் மொரின்யோ கோச்சாக இருந்த செல்சி 38 ஆட்டத்தில் 15 கோல்தான் வாங்கியது. இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் எண் இவ்வளவு சிறியது என்றால் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

சிக்கல் குறைந்த ஆட்டங்களில் வருகிறது. 2006 உலகக் கோப்பையில் ஸ்விட்சர்லாந்து நான்கு ஆட்டம் ஆடியது, ஒரு கோல் கூட வாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் உக்ரைனிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்று வெளியேறியது. கோப்பையை வென்ற இத்தாலி ஏழு ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கியது. அதனால் அந்த ஆண்டின் சிறந்த டிஃபன்ஸ் ஸ்விட்சர்லாந்து என்று சொல்லிவிட முடியுமா? நான்கு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு டிஃபன்ஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணியைச் சரியாகப் பத்து ஷாட் அடிக்க விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக பத்தில் ஒரு வாய்ப்பு. ஆட்டத்துக்கு ஆட்டம் டிஃபன்ஸின் தரம் மாறவே இல்லை. அப்படிப்பட்ட 100 ஆட்டங்களில் சுமார் 35-இல் கோலே விழாது. சுமார் 39-இல் ஒரு கோல், 19-இல் இரண்டு, மீதி 7-இல் மூன்று அல்லது அதற்கு மேல். அதே ஆட்கள், அதே உழைப்பு. 35 நாள் அவர்களைக் கோட்டை என்போம், 7 நாள் சல்லடை என்போம்.

இதற்கு ஒரு கைவிதி உண்டு. ஓர் அணி வாங்கியிருக்க வேண்டிய கோல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுங்கள். ஏறத்தாழ அந்த அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடுவது வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்கக்கூடியது. பத்து ஆட்டம் கொண்ட உள்ளூர் லீகில் பத்து கோல் வாங்கும் தரமுள்ள அணி, ஏழு வாங்கினாலும் பதின்மூன்று வாங்கினாலும் ஆச்சரியமில்லை. அதனால் ஒரு அணி 8, இன்னொரு அணி 12 என்று பட்டியலில் இருந்தால், 8 வாங்கியது மேல் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 38 ஆட்டம், 38 கோல் என்றால் ஊசலாட்டம் ஆறு. இங்கேயும் 35 கோலுக்கும் 41 கோலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கிளீன் ஷீட், அதாவது ஒரு கோலும் வாங்காத ஆட்டம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அந்தச் செல்சி அணிக்கு 25 கிளீன் ஷீட். ஆட்டத்துக்கு சராசரி 0.39 கோல் வாங்கும் அணிக்கு 38 ஆட்டத்தில் எத்தனை கிளீன் ஷீட் வரும் என்று நிகழ்தகவுக் கணக்கில் போட்டால் 25 அல்லது 26 வருகிறது. அதாவது வாங்கிய கோல் ஏற்கெனவே சொன்னதையே கிளீன் ஷீட் திரும்பச் சொல்கிறது. டிவியில் பெரிதாகக் காட்டுவார்கள். நீங்கள் தனி நெடுவரிசை போட்டு எழுத வேண்டாம்.

இரண்டாம் படி: எத்தனை ஷாட், அதைவிட முக்கியமாக எங்கிருந்து

கோல் அபூர்வமாக விழுகிறது, ஷாட் அடிக்கடி வருகிறது. அதனால் ஷாட்டை எண்ணினால் உண்மை சீக்கிரம் தெரியும். பெரிய லீக்குகளில் ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒன்று கோலாகிறது. ஆனால் எல்லா ஷாட்டும் ஒரே விலை இல்லை. பெனால்டி நூறு அடித்தால் 75-லிருந்து 80 வரை உள்ளே போகும். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே இருந்து அடிப்பவை நூறில் மூன்று, நான்கு அளவில்தான்.

காரணம் எளிய வடிவியல். கோல்போஸ்டின் அகலம் 7.32 மீட்டர். நேர் எதிரே 11 மீட்டரில், பெனால்டி புள்ளியில், நிற்பவனுக்கு இரண்டு போஸ்டுக்கும் இடையே சுமார் 37 டிகிரி திறந்திருக்கும். கோல் கோட்டிலிருந்து அதே 11 மீட்டர் தூரத்தில், நடுவிலிருந்து 15 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்பவனுக்கு 14 டிகிரிகூட இல்லை. நல்ல டிஃபன்ஸ் செய்வது இதைத்தான். எதிராளியை அடிக்க விடாமல் செய்ய முடியாதபோது, 37 டிகிரியிலிருந்து 14 டிகிரிக்குத் தள்ளிவிட்டு, அடிடா பார்க்கலாம் என்று விடுகிறது. வெறும் ஷாட் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகும்.

இதைச் சரிசெய்யத்தான் எக்ஸ்ஜி வந்தது. எதிர்பார்க்கப்படும் கோல் என்று பொருள். முன்பு பல்லாயிரம் ஷாட்டுகளில் இதே இடத்திலிருந்து, இதே கோணத்தில், காலாலா தலையாலா, எப்படிப்பட்ட பாஸிலிருந்து அடித்தவை எத்தனை கோலாயின என்று பார்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு மதிப்பு போடுகிறார்கள். எதிரணியின் எல்லா ஷாட் மதிப்பையும் கூட்டினால் இந்த டிஃபன்ஸ் எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று வருகிறது. வாங்கிய கோலைவிட இது நாளைய ஆட்டத்தை நன்றாகச் சொல்லும்.

மைதான ஓரத்தில் கம்ப்யூட்டர் இல்லாமலும் இதன் நிழலைப் பிடிக்கலாம். நான் செய்வது இது. அரை மைதானத்தைப் பேனாவால் வரைந்து மூன்று இடமாகப் பிரிப்பேன். கோலுக்கு நேர் எதிரே பெனால்டி புள்ளி வரையுள்ள நடுப்பகுதி ‘அ’. பாக்ஸின் மற்ற பகுதி ‘ஆ’. பாக்ஸுக்கு வெளியே ‘இ’. ஷாட் வந்ததும் அந்த இடத்தில் ஒரு புள்ளி, தலையால் அடித்தால் சிறு வட்டம். ஆட்டம் முடிந்து ‘அ’வில் எத்தனை புள்ளி என்று மட்டும் பாருங்கள். பதினைந்து ஷாட் விட்டும் ‘அ’வில் ஒன்றே ஒன்று இருந்தால் அது நல்ல டிஃபன்ஸ். ஐந்து ஷாட் விட்டு அதில் நான்கு ‘அ’வில் இருந்தால், கோல் விழாவிட்டாலும் கோச்சிடம் பேச வேண்டிய ஆட்டம்.

பெனால்டியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். ஒரே பெனால்டி முக்கால் கோலுக்கு மேல் கூட்டி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

எக்ஸ்ஜி பார்க்காத இடங்கள்

இந்த எண்ணை நான் மதிக்கிறேன். அதனாலேயே அது எங்கே கண்மூடுகிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷாட் அடித்தால்தான் எக்ஸ்ஜி. கோல் வாசலைக் கடந்து குறுக்கே போன பாஸ், ஒரு விரற்கடை தூரத்தில் ஃபார்வர்டின் காலில் படாமல் போனால் அதற்கு மதிப்பு பூஜ்யம். டிஃபன்ஸ் முழுதாகக் கிழிந்த தருணம், கணக்கில் நடக்கவே இல்லாதது. மறுபக்கம், ஸ்டாப்பர் நின்ற இடத்தைப் பார்த்து ஃபார்வர்ட் அடிக்காமல் பந்தைப் பின்னால் தள்ளினால் அதற்கும் பூஜ்யம்தான். மிகப் பெரிய தவறும் மிக நல்ல வேலையும் ஒரே எண்ணில் போய் விழுகின்றன.

ஆஃப்சைடும் அப்படி, அதாவது பாஸ் போடும்போதே டிஃபன்ஸ் வரிசையைத் தாண்டி நின்ற ஃபார்வர்ட் போடும் கோல் செல்லாமல் போவது. 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதே, அந்த முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். சவுதி டிஃபன்ஸ் வரிசை ஏறக்குறைய மைதானத்தின் நடுவரைக்கும் ஏறி நின்றது. அர்ஜென்டினா மூன்று தடவை பந்தை வலைக்குள் போட்டும் மூன்றும் ஆஃப்சைடு. அந்த வாய்ப்புகள் எக்ஸ்ஜி கணக்கிலிருந்து அழிந்துவிடும். அது திட்டமிட்ட பொறியா, மயிரிழையில் தப்பியதா? இரண்டும் கலந்தது என்பது என் எண்ணம், எண்ணால் அதைப் பிரிக்க முடியாது. அதே ஆட்டத்தில் சவுதி அடித்தது மொத்தமே மூன்று ஷாட், விழுந்தது இரண்டு கோல். அர்ஜென்டினா டிஃபன்ஸ் மோசம் என்று அன்று எழுதியவர்கள், அதே அணி கோப்பையைத் தூக்கியபோது வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது.

ரீபவுண்டிலும் கவனம் வேண்டும். 0.6 மதிப்புள்ள ஷாட்டை கீப்பர் தட்டிவிட, அதே மூச்சில் இன்னொரு 0.6 ஷாட் வந்தால் கூட்டுத்தொகை 1.2. ஒரே தாக்குதலில் ஒரு கோலுக்கு மேல் விழாது. முறையாகப் பார்த்தால் இரண்டுமே தவறும் வாய்ப்பு 0.4 பெருக்கல் 0.4, அதாவது 0.16. ஆகவே அந்தத் தாக்குதலின் மதிப்பு 0.84. ஓன் கோல் வேறு கதை, ஷாட்டே இல்லாததால் அது எக்ஸ்ஜியில் வராது. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கு வந்து சேரும் வரை மொராக்கோ வாங்கிய ஒரே கோல், கனடா ஆட்டத்தில் தன் ஆளே போட்ட ஓன் கோல்தான்.

அப்புறம் ஸ்கோர். இரண்டு கோல் முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கி நிற்கும், தூரத்து ஷாட்டுகளைத் தாராளமாக விடும். கடைசி அரைமணி நேரத்தில் கூடும் எண்களைப் பார்த்து டிஃபன்ஸ் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள், படம் தெளிவாகும். ரெட் கார்டுக்குப் பின் வந்தவற்றை நான் அடியில் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடுவேன்.

மூன்றாம் படி: கீப்பரைத் தனியே பிரியுங்கள்

கோல் விழாததற்கு ஸ்டாப்பரைப் பாராட்டுவதா, கீப்பரைப் பாராட்டுவதா என்று சண்டை வராத ஊர் இல்லை. இதற்கு ஷாட்டுக்குப் பிந்தைய எக்ஸ்ஜி என்று ஒன்று உண்டு. பந்து போஸ்டுக்குள் எந்த மூலையை நோக்கிப் போனது என்பதையும் சேர்த்து, இலக்கில் விழுந்த ஷாட்டுகளுக்கு மட்டும் போடும் மதிப்பு. அது 12 என்று வந்து, விழுந்தது 8 கோல் என்றால், நான்கு கோலைக் கீப்பர் காப்பாற்றியிருக்கிறார். டிஃபன்ஸைக் கணக்குப் பார்க்கும்போது முந்தைய எக்ஸ்ஜி, கீப்பரைப் பார்க்கும்போது பிந்தையது. இரண்டையும் கலக்க வேண்டாம். ஒரு சீசனில் நான்கு கோல் வித்தியாசம் அடுத்த சீசனில் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கிராஸைப் பறந்து பிடிக்கும் கீப்பர், ஸ்டாப்பரைக் கத்தி நிறுத்தும் கீப்பர், இவர்களின் வேலை இரண்டிலும் சேராது. உள்ளூர் ஆட்டத்தில் மைதான ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தக் குரலை நாம் கேட்கலாம். டிவியில் கேட்காது. கேட்டதை எழுதிவையுங்கள்.

நான்காம் படி: பந்து யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்

டேக்கிள், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது. அதன் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எதிரணியிடம் பந்து இருந்தால்தான் டேக்கிள் செய்ய முடியும். ஒரு அணி 14 டேக்கிள் செய்தது, எதிரணியிடம் பந்து இருந்தது 35 சதவீதம். இன்னொரு அணி 18 டேக்கிள், எதிரணியிடம் பந்து 60 சதவீதம். இருவருக்கும் 50 சதவீதம் இருந்திருந்தால் என்று மாற்றினால், முதல் அணிக்கு 14-ஐ 35-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்க 20. இரண்டாவது அணிக்கு 15. வரிசை தலைகீழ்.

இந்த மாற்றமும் கரடுமுரடானதுதான். பந்தை வைத்திருப்பதே ஒரு தடுப்பாட்டம் என்பதை அது கண்டுகொள்ளாது. 2006-இல் இத்தாலியும் 2010-இல் ஸ்பெயினும் கோப்பையை வென்றபோது தலா இரண்டு கோல்தான் வாங்கின. இத்தாலி வாங்கியதில் ஒன்று அமெரிக்காவுடன் ஸக்கார்டோ போட்ட ஓன் கோல், மற்றது இறுதி ஆட்டத்தில் ஸிதான் அடித்த பெனால்டி. கன்னவாரோவும் பஃபோனும் இருந்த அந்த வரிசையைத் திறந்த ஆட்டத்தில் எதிரணியின் ஒருவனும் உடைக்கவில்லை. ஸ்பெயின் நாக்அவுட்டில் நான்கு ஆட்டத்தையும் 1-0 என்றே வென்றது. பந்தைக் கொடுத்தால்தானே அடிப்பாய் என்பது அவர்கள் வழி. வாங்கிய கோல் இரண்டு இடத்திலும் இரண்டு. அங்கே வேலை செய்தது ஸ்டாப்பர், இங்கே வேலை செய்தது பாஸ்.

பிபிடிஏ என்ற எண்ணும் இந்த இடத்தில் உதவும். எதிரணி தன் கோலிலிருந்து மைதானத்தின் 60 சதவீதப் பகுதிக்குள் போட்ட பாஸ்களை, அந்தப் பகுதியில் நம் அணி செய்த டேக்கிள், இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), ஃபவுல் போன்ற தடுப்பு வேலைகளால் வகுப்பது. 240 பாஸ், 24 வேலை என்றால் பத்து. எட்டு, ஒன்பது என்றால் கழுத்தைப் பிடிக்கும் பிரஸ்ஸிங். பதினைந்தைத் தாண்டினால் பின்வாங்கி நிற்கும் அணி. இது பாணியைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 2022-இல் ஸ்பெயினை ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போடவிட்டு நின்றது மொராக்கோ. இரண்டு மணி நேரத்தில் கோல் விழவில்லை, பெனால்டியில் மொராக்கோ வென்றது. பிபிடிஏ-வை மட்டும் பார்த்தவருக்கு அன்று மொராக்கோ தூங்கியது போலத் தோன்றியிருக்கும்.

ஐந்தாம் படி: தனி ஆளை எடைபோடுவது, அதாவது மிகவும் தவறு நடக்கும் இடம்

இங்கே நிதானமாக வாருங்கள். ஒரு பையனின் பெயருக்கு நேரே எண் எழுதுகிறோம். அதைப் பார்த்து அவனை எடுப்பார்கள் அல்லது உட்கார வைப்பார்கள்.

2019 மார்ச் 31, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். லிவர்பூல் டாட்டன்ஹாம் ஆட்டம் 1-1. கடைசி கட்டத்தில் டாட்டன்ஹாமின் சிஸ்ஸோகோ பந்தோடு பாய்கிறார், பக்கத்தில் அவர் அணியின் சன் ஓடிவருகிறார், எதிரே லிவர்பூல் ஸ்டாப்பர் வான் டைக் ஒருவர் மட்டும். சன்னுக்குப் பாஸ் போனால் கோல் என்றே வைத்துக்கொள்ளலாம். வான் டைக் சிஸ்ஸோகோ மேல் பாயவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே சன்னுக்குப் போகும் வழியில் உடலை வைத்தார். பாஸ் வழி மூடிய பிறகு, சிஸ்ஸோகோ தன் பழக்கமில்லாத இடது காலால் அடிக்கும்படி விட்டார். பந்து பாருக்கு மேலே பறந்தது. சில நிமிடங்களில் மறுபக்கம் ஓன் கோல் விழுந்து லிவர்பூல் வென்றது.

அந்தத் தருணத்தை ஸ்டாட்ஸ் தாளில் தேடுங்கள். சிஸ்ஸோகோ, ஒரு ஷாட், இலக்குக்கு வெளியே. வான் டைக் பெயரில் டேக்கிள் இல்லை, இன்டர்செப்ஷன் இல்லை, பிளாக்கும் இல்லை. அந்த சீசனின் சிறந்த வீரராகச் சக ஆட்டக்காரர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தாளைப் பார்த்து அல்ல, அவரை எதிர்த்து ஆடிப் பார்த்து.

ஸ்டாப்பர் யாப் ஸ்டாமின் கதை இதற்கு மறுபக்கம். 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை லாட்சியோவுக்கு விற்றது. அவருடைய டேக்கிள் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. காயம், வந்த விலை என்று வேறு காரணங்களும் உண்டு. எப்படியோ, விற்றது தவறு என்று அன்றைய யுனைடெட் கோச் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். வயதாக ஆக நல்ல ஸ்டாப்பர் டேக்கிள் குறைத்துக்கொள்வார், ஏனென்றால் பந்து வருமுன்பே அந்த இடத்தில் நின்றிருப்பார்.

சரி, தனி ஆளுக்கு எந்த எண்ணைத்தான் பார்ப்பது? டேக்கிளைத் தனியாக எழுதாமல், தாண்டிப்போன தடவையோடு சேர்த்து எழுதுங்கள். எட்டு முறை மோதி ஆறு முறை பறித்தவன், பதினாறு முறை மோதி ஒன்பது முறை பறித்தவனைவிட நம்பகமானவன். ஏழு தடவை பின்னால் வெட்டவெளி விட்டவன் அந்த இரண்டாமவன். தலைப்பந்து மோதலில் எத்தனைக்கு எத்தனை என்று பாருங்கள், ஆனால் யாரோடு மோதினான் என்பதையும் எழுதுங்கள். கிளியரன்ஸ் எண்ணிக்கையை நான் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். பந்தை ஓங்கி அடித்து அனுப்பினால், பல நேரம் எதிரணியே திரும்ப எடுத்து வருகிறது.

அதைவிடப் பயனுள்ளது, எதிரணி எந்தப் பக்கமாகத் தாக்கியது என்ற கணக்கு. கடைசி மூன்றில் ஒரு பகுதிக்குள் பந்து வந்த ஒவ்வொரு தடவையும் இடது, நடு, வலது என்று ஒரு கோடு கிழியுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. முதல் வரிசையில் மூன்று பக்கமும் சமமாக இருந்து, போகப்போக ஒரு பக்கம் காலியானால், அங்கே நிற்பவனைப் பாருங்கள். என் வலது பக்க ஸ்டாப்பரின் வேலை இந்த முறையில்தான் முதன்முதலாகக் காகிதத்தில் தெரிந்தது. முழுச் சான்று என்று சொல்லமாட்டேன். எதிரணியின் நல்ல விங்கர் மறுபக்கம் நின்றிருந்தாலும் இந்தப் பக்கம் காலியாகும். அதனால் அடுத்த ஆட்டத்தில், அதற்கடுத்த ஆட்டத்தில், வேறு அணிகளோடும் அதே பக்கம் காலியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: மைதானத்தையும் ஒரு நெடுவரிசையாக எழுதுங்கள்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் போய் ஆடியவர்களுக்குத் தெரியும், சேலத்துக் கட்டாந்தரையும் மலை மைதானமும் ஒன்றில்லை. இங்கே பந்து தரையில் பட்டதும் எகிறும், ஸ்டாப்பர் ஓரடி பின்னால் நிற்க வேண்டும். அங்கே மழைக்காலப் புல்லில் பந்து நின்றுவிடும், ஸ்டாப்பர் முன்னால் போக வேண்டும். ஒரு ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் பாதி நேரம் மூடுபனி. எங்கள் கோல் பக்கத்திலிருந்து எதிர் கோல் தெரியவில்லை, தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. அன்றைக்கு எங்கள் ஸ்டாப்பர்கள் பெயரில் நான் எழுதிய தவறுகள் ஐந்து. ஓரத்தில் ‘பனி’ என்று எழுதியிருந்ததால்தான் இரண்டு மாதம் கழித்துப் படித்தபோது அவர்களைக் குறை சொல்லாமல் தப்பித்தேன்.

தரை, வானிலை, மைதானத்தின் அளவு, எதிரணியின் தரம், நம் அணியில் யார் இல்லை. இந்த ஐந்தும் தேதிக்குப் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தால் போதும். ஐஎஸ்எல் ஆட்டங்களைக் கணக்கெடுப்பவர்களும் இதைச் செய்யலாம். 2018 மார்ச் 17-இல் பெங்களூருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்சி பெங்களூருவை 3-2 என்று வென்றது. ஸ்டாப்பர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கோலைத் தலையால் போட்டார். அந்த இரவு அவரை நல்ல டிஃபெண்டர் என்று கொண்டாடியவர்கள் எத்தனை பேர் கோலை வைத்துச் சொன்னார்கள், எத்தனை பேர் தடுத்ததை வைத்துச் சொன்னார்கள்? கோல் போடுவது தனிக் கணக்கு. டிஃபன்ஸ் நோட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: பந்தை விட்டுவிட்டு ஒரு ஆளைப் பாருங்கள்

ஆட்டத்தில் இரண்டு பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள், பாதிக்கு ஒன்று. அந்த நேரத்தில் பந்து எங்கே போனாலும் கண்ணைத் திருப்பாமல் ஒரே டிஃபெண்டரைப் பாருங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், கூட்டம் கத்தும்போது தலை தானாகத் திரும்பும். பழகப் பழக வரும். மூன்று விஷயத்துக்கு மட்டும் கோடு கிழியுங்கள். பந்து வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தானா. பக்கத்து ஆள் முன்னேறியபோது அவன் விட்ட இடத்துக்கு நகர்ந்தானா. மற்றவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினானா. எந்த ஸ்டாட்ஸ் தாளிலும் இந்த மூன்றும் கிடையாது. டிவி கேமரா பந்தைத் துரத்துவதால் பெரிய ஆட்டங்களில் இவற்றைப் பார்க்க முடிவதும் குறைவு. காந்தி ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு முழு மைதானமும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. பெரிய கிளப்புகள் தனிக் கேமரா வைத்து எடுக்கும் காட்சி அது.

முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஆளை எழுதுங்கள். ஆட்டம் முடிந்து ஒப்பிடும்போது இருவரின் கோடுகளும் பெரிதாக வேறுபட்டால், எதை எண்ணுகிறோம் என்பதில் உங்களுக்குள் இன்னும் தெளிவில்லை என்று பொருள். எது டேக்கிள், எது வெறும் மோதல் என்பதை முதலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணும் நிறுவனங்களுக்குள்ளேயே இந்த வரையறைகள் வேறுபடுகின்றன. ஒரு இடத்து எண்ணை இன்னொரு இடத்து எண்ணோடு ஒப்பிடும் முன் அதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, எழுதும் முறை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதியும் மைதானக் குறிப்பும். நடுவில் அ, ஆ, இ படம், பெனால்டி தனியே. கீழே இடது, நடு, வலது வரிசைகள். ஓரத்தில் அன்று பார்த்த ஒரு ஆளின் கோடுகள். பத்து ஆட்டம் சேரும் வரை யாரையும் யாரோடும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தாதீர்கள், எழுதிக்கொண்டே போங்கள். அதற்குள் கோப்பை கொடுக்க யாராவது பெயர் கேட்டால், நான் இப்போது செய்வது போல நோட்டை மூடி வைத்துவிட்டு, எதிரணி ஃபார்வர்டைக் கூப்பிட்டு, யார் பக்கம் போகப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.